நான் வடக்கு என்று சொன்னேன்

என் மனைவி தொலைக்காட்சிப் பொது அறிவுப் போட்டியில் முதல் தடவை வென்ற மறுநாள், ஊரில் எனக்குத்தான் கை கொடுத்தார்கள். அதிகாலை சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியை விட்டு இறங்குவதற்குள் நாலு பேர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்கள். சந்தையில் மீன் வெட்டித் தருகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சேர் நல்லாப் படிப்பிச்சு அனுப்பியிருக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். நான் புவியியல் ஆசிரியர். சாய்ந்தமருதில் பாதிப் பேர் என்னிடம் வரைபடம் கீறிக் குட்டு வாங்கியவர்கள். என் வீட்டில் ஒருவருக்கு உலக விஷயம் தெரிந்திருந்தால் அது என் வாயிலிருந்துதான் போயிருக்கும் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் அதை மறுக்கவில்லை. ஒத்துக்கொண்டேன் என்றும் சொல்ல முடியாது, சும்மா சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து மீன் பையைக் கொடுத்தபோது, ஊரில் என்ன கதைக்கிறார்கள் என்று மனைவி கேட்டாள். உன்னைப் புகழ்கிறார்கள் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீனைக் கழுவப் போனாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். நான் இருக்கும் வீடு அவளுடையது, அதன் உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது. இது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனாலும் அவள் தலைக்குள் இருந்ததை மட்டும் என் பெயரில் எழுதிவிட்டார்கள்.

உண்மை என்னவென்றால், நான் அவளுக்கு ஒன்றும் படிப்பிக்கவில்லை. வகுப்பில் கத்திவிட்டு வந்து வீட்டிலும் கத்த எனக்குத் தெம்பு இருந்ததில்லை. அவளிடம் தடித்த அட்டை போட்ட பதினொரு சீஆர் கொப்பிகள் இருந்தன. கல்யாணம் முடித்த வருஷத்திலிருந்து எழுதுகிறாள். வானொலியில் கேட்டது, பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் பார்த்தது, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் வாசித்தது எல்லாம் அதில் இருக்கும். வீட்டுப் படியேறி வருகிற எவரும் ஒரு கேள்விக்காவது பதில் சொல்லாமல் போக முடியாது. சம்மாந்துறையிலிருந்து அரிசி மூட்டை இறக்க வருகிறவரை நிற்க வைத்து, நெல்லை அவிப்பதற்கு முன் எத்தனை மணித்தியாலம் ஊறப்போடுவார்கள் என்று கேட்பாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்வார். விஞ்ஞானம், வரலாறு என்று தலைப்புப் போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. யார் சொன்னார்கள் என்றுதான் பிரித்து வைத்திருந்தாள். அரிசிக்காரர் சொன்னது, மருத்துவிச்சி சொன்னது, வானொலி சொன்னது. நான் சொன்னது என்று ஒரு பக்கம் இருக்கிறதா என்று ஒரு நாள் திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்த்தேன். அரைப் பக்கம் இருந்தது.

பிறகு ஒரு நாள் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. முந்தைய போட்டிகளில் வென்றவர்களை மட்டும் கூட்டி, வெற்றியாளர்களுக்கெல்லாம் ஒரு போட்டி வைக்கப் போகிறார்களாம். எட்டுப் பேர். அவள் யோசிக்கவே இல்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் உற்சாகமாக, புவியியலை நான் பார்த்துக்கொள்கிறேன், நாளைக்கே தொடங்குவோம் என்றேன்.

"இந்த முற நீங்க எனக்கு ஒண்டும் சொல்லித் தரவாணா," என்றாள். "வெண்டாலும் தோத்தாலும் அது என்டயா இரிக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு கதைக்காமல் சாப்பிட்டேன். மூன்றாம் நாள்தான் புத்தியில் உறைத்தது. சந்தையில் நடந்ததை யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள். அவள் போகப் போவது வெற்றிக் கிண்ணத்துக்காக மட்டுமல்ல. வாய் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது, திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு வேலைதான் கிடைத்தது. பின்னேரம், அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில், அவள் கொப்பிகளிலிருந்து கேள்விகளை வாசிக்க வேண்டும். மேசையில் ஒரு சைக்கிள் மணியை வைத்திருப்பாள். நான் கேள்வியை முடிக்க முதலே மணி அடிக்கும். பதில் சரியாக இருந்தால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். நான் வழக்கப்படி விளக்கம் சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்துவாள், வாயை மூடிக்கொள்வேன். என் வகுப்பில் எவரும் என்னை அப்படி அடக்கியது கிடையாது.

கொழும்பில் எங்களைக் கடலோரமாக ஒரு விடுதியில் தங்க வைத்தார்கள். மறுநாள் ஒளிப்பதிவு. மற்ற ஏழு பேரையும் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற அரச அதிகாரி, இரண்டு முறை வென்றவர். கேள்வி கேட்பவரோடு ஏதோ சொந்த மச்சானோடு கதைப்பதுபோல் கதைத்துக்கொண்டிருந்தார். ஒரு இளம் வைத்தியரும் இருந்தார், அவர் வாயைத் திறந்தாலே புத்தகம் கொட்டியது. என் மனைவி கறுப்பு அபாயாவோடு கைப்பையை மடியில் வைத்து, ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் மேடையில் ஏறிய பிறகு அவள் வேறு ஆள். வைத்தியரைத் தேனீக்கு எத்தனை கண் என்ற கேள்வியில் வீழ்த்தினாள். அவர் இரண்டு என்றார். அவள் ஐந்து என்றாள். அது தேன் விற்க வந்தவர் சொன்னது என்று எனக்குத் தெரியும். அந்தக் கொப்பியை நான்தான் வாசித்தேன். பார்வையாளர் வரிசையில் இருந்து கை வலிக்கும்வரை தட்டினேன்.

கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர், அவளும் அந்த அதிகாரியும். புள்ளிகள் சமம். ஒரே கேள்வி பாக்கி. அந்தக் கேள்விக்கு ஒரு புது விதி வைத்திருந்தார்கள். மணியை முந்தி அடிப்பவர், தன்னோடு கூட வந்தவரிடம் முதலில் பதிலைக் கேட்க வேண்டும். அதை ஏற்றுக்கொள்ளலாம், மாற்றவும் செய்யலாம். பதில் பிழையானால் வெற்றி மற்றவருக்கு. இதைக் கேட்டதும் அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். எதிலிருந்து தப்பி இவ்வளவு தூரம் வந்தாளோ, அது பார்வையாளர் வரிசையில், என் உருவத்தில், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

கொழும்புக் கடற்கரையில் கடலை நேராகப் பார்த்து நிற்கிறீர்கள், உங்கள் இடது கைப் பக்கம் எந்தத் திசை என்று கேட்டார்கள். மணியை அவள்தான் அடித்தாள். அறிவிப்பாளர் என் பக்கம் திரும்பி, புவியியல் ஆசிரியராச்சே, உங்களுக்கு இது பச்சைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நெஞ்சை நிமிர்த்தி, வடக்கு என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மூன்று விநாடி இருக்கும்.

"மாத்துறன்," என்றாள். "தெற்கு."

அறிவிப்பாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு பச்சை விளக்கு எரிந்தது, காகிதப் பூக்கள் கொட்டின. எனக்கு இன்னும் விளங்கவில்லை. இடது பக்கம் வடக்குத்தானே? பிறந்த நாள் முதல் எங்கள் ஊர்க் கரையில் அப்படித்தானே நிற்கிறேன்? கடலைப் பார்த்தால் சூரியன் எழும்பும், இடது கைப் பக்கம் கல்முனை, வலது கைப் பக்கம் கோமாரி. தொழும்போது கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பிறகுதான் நினைவுக்கு வந்தது, அன்று நண்பகல் லுஹரை விடுதி ஜன்னலோரம் கடலை முன்னால் வைத்துத் தொழுதிருக்கிறேன். மேற்கே கடலைப் பார்த்துத் தொழுத மனிசன், மூன்று மணித்தியாலத்தில் அந்தக் கடலைத் தூக்கிக் கிழக்கே வைத்துவிட்டேன். இலங்கைப் படத்தை ஆயிரம் தடவை கரும்பலகையில் கீறிய கை இது.

கணவர் சொன்னதை ஏன் மாற்றினீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்டார். அவள் என்னைக் கைவிடவில்லை. "அவர் நம்மட ஊர்க் கடலப் பார்த்துச் சொல்லிட்டார்," என்றாள். "கேள்வி கொழும்புக் கடல்."

எல்லாரும் சிரித்தார்கள். என் காது இரண்டும் சுட்டது. ஆனால் வெட்கத்தைவிடப் பெருமை பெரிதாக இருந்தது. இத்தனை வெளிச்சத்தில், இத்தனை பேர் பார்த்திருக்க, புவியியல் படிப்பிக்கிற புருஷன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பதிலுக்குத் தலையாட்டிவிட்டுத் தோற்றிருந்தாலும் ஒருவரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் தலையாட்டவில்லை. என் வாழ்க்கையில் எந்த மாணவனுடைய பரீட்சைப் பெறுபேறும் எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பாக இரண்டு கிழமை ஆகும், அதுவரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஒளிபரப்பு அன்று பின்னேரம் வீட்டில் நிற்க இடமில்லை. அவளோடு கூடப்பிறந்த ராத்தா, மச்சிமார், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்துவிட்டார்கள். கடைசிக் கேள்வி வந்தது. திரையில் நான் வடக்கு என்றதும், வீடு முழுக்க நிம்மதியாக மூச்சு விட்டது. வடக்குத்தானே என்று ராத்தா கையைத் தட்டினார். கடலோரத்தில் பிறந்த அத்தனை பேரும் என்னோடு சேர்ந்து பிழை விட்டார்கள். அவள் மாத்துறன் என்றபோது ராத்தா நெற்றியில் அடித்துக்கொண்டு, சேர்ர சொல்லக் கேட்காமக் கெடுத்துட்டாளே என்றார். அதற்குள் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. என் மனைவி குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தேத்தண்ணிக் கடையில் கால் வைத்ததும் இடம் ஒதுக்கித் தந்தார்கள். என் பழைய மாணவர் ஒருவர், இப்போது கல்முனையில் புடவைக் கடை வைத்திருப்பவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு இரவு முழுக்க யோசித்து எல்லாம் விளங்கிவிட்டதாம்.

"சேர், நீங்க வேணுமெண்டுதானே பிழையாச் சொன்னீங்க? உங்கட மனிசிக்குப் பேர் வரட்டும் எண்டு?"

கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முகத்தில் மரியாதை வழிந்தது. நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, கோப்பையை வாயில் வைத்திருந்தால் போதும். கீழே வைத்தேன்.

"இல்ல," என்றேன். "எனக்குத் தெரியா. அவவுக்குத் தெரியும்."

அவர் நம்பவில்லை, சேர் பகிடி விடுகிறார் என்று பக்கத்து மேசைக்குத் திரும்பிச் சிரித்தார். ஆகவே எழும்பி நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன்.