நூறு வீதச் சித்தி

ஓப்பநாயக்கச் சந்தியில் பஸ் நின்றபோது, ஜன்னலுக்கு நேரே ஒரு டியூஷன் வகுப்பின் பேனர். நடுவில் கோட் போட்ட மாஸ்டர், சுற்றிலும் பிள்ளைகளின் தலைகள், மேலே கொட்டை எழுத்தில் 'கணிதத்தில் நூறு வீதச் சித்தி!' எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பக்கத்து சீட்டு அம்மா "மொகத துவே?" என்று, என்ன மகளே என்பதுபோல், திரும்பிப் பார்த்தார். நானும் ஒருகாலத்தில் பேனரில் பாதி என்று அவருக்கு எந்தச் சிங்களத்தில் சொல்வது?

பரீட்சையில் பாஸ் ஆவதற்கு நம் நாட்டில் சித்தி என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. அதிலும் திறமைச் சித்தி, சாதாரண சித்தி என்று வகை வேறு. என் அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. "ஒனக்கு சாதாரண சித்தியே போதும்டி. தீவாளிக்கு சீல கேக்காது" என்பாள்.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பெயர் அதன் கூரையைவிட நீளம். கடைசியில் 'தமிழ் மகா வித்தியாலயம்' என்று முடியும். அந்த மகாவின் பதினோராம் ஆண்டில் நாங்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி, பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள் ரிஸ்னா ஒருத்தி. பையன்கள் எல்லாரும் ஒன்பதாம் ஆண்டோடு கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். கொழும்பில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவு நன்றாகவே இருந்தது.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் பள்ளிக்கூட அதிபர் நெஞ்சை நிமிர்த்துவார். "இந்து அம்பது வீதம், இஸ்லாம் அம்பது வீதம், பெண் கல்வி நூறு வீதம்!" வந்தவரும் தலையாட்டிக் குறித்துக்கொள்வார். எனக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு மதமே சைபராகிவிடும். "ஒன்னோட தலவலி ஒரு சமூகத்தோட வீழ்ச்சி புள்ள" என்று அவர் என்னைக் கடிந்துகொண்டதும் உண்டு.

அவரைச் சும்மா சொல்லக்கூடாது. முந்திய வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதியது ஒரே ஒரு அக்கா; அவள் பாஸாகிவிட்டாள். அன்றே பழைய பெட்ஷீட் ஒன்றில் நீலப் பெயின்டால் 'நூறு வீதச் சித்தி' என்று எழுதி ரோட்டு முடக்கில் கட்டினார்கள். எத்தனை பேரில் நூறு வீதம் என்று எழுதத் துணியில் இடமில்லையாம். பெயின்ட் வாசம் ஒரு வாரம் ஆபீஸ் ரூமைவிட்டுப் போகவில்லை. மாலை மட்டும் அதிபருக்குத்தான் விழுந்தது. அன்றைக்குப் பிடித்தது அவருக்கு நூறு வீத வியாதி.

வியாதிக்கு நடுவில் கணித மாஸ்டர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பதிலுக்கு வந்தவர் சமயபாட சேர். எக்ஸின் பெறுமதி கேட்டால், "எக்ஸ் எங்க இருக்குன்னு அவனுக்குத்தாம்மா தெரியும்" என்று கூரையைப் பார்ப்பார். ரிஸ்னா பலாங்கொடையில் சிங்களத்தில் நடந்த கணித டியூஷனுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டாள். எனக்குத் தவணைக்குத் தவணை டபிள்யூ, அதாவது பெயில்.

அதிபர் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார். தேயிலை மலையிலிருந்து நேரே, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றாள்.

"புள்ள இந்த வருசம் எழுத வேணாம்மா. அடுத்த வருசம் தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதட்டும். இவ பெயிலானா ஸ்கூல் அம்பது வீதமாயிரும்."

"ஒத்தப் புள்ள பெயிலானா அம்பதாங்க?"

"கணக்கு அப்பிடித்தாம்மா."

"அப்ப கணக்கு சொல்லிக்குடுக்க ஒரு மாஸ்டர கேளுங்க சேர். கங்காணி முத்தல் எலைய பொறுக்கி வீசுற மாதிரி எம்புள்ளைய வீசாதீங்க. அடுத்த வருசம்னா அவளும் மலையிலதான் நிப்பா. இந்த வருசமே எழுதத்தான் செய்வா."

எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். அழுதுகொண்டே வகுப்புக்குப் போனேன். ரிஸ்னா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"அழாத. நான் செல்லித்தாரேன். ஆனா சிங்களத்துலதான் வரும்."

அப்படித்தான் வந்தது. பலாங்கொடையில் சிங்களத்தில் கேட்டதை அவள் சிங்களத்திலேயே சொல்ல, நான் சிங்களத்தில் விளங்கித் தமிழில் எழுதினேன். இன்றைக்கும் கடையில் பாதி விலைக் கழிவு என்றால் என் மனதுக்குள் முதலில் கேட்பது "சீயட்ட பனஹய்"தான். தமிழ் வளர்த்த பள்ளிக்கூடம் என்று விழாக்களில் பேசுவார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

பெறுபேறு வந்தது. ரிஸ்னாவுக்குக் கணிதத்தில் ஏ. எனக்கு எஸ். சாதாரண சித்தி! அம்மா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் லயத்து வரிசை வீடெல்லாம் கூடிவிட்டது. அவ்வளவு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. அதே பெட்ஷீட் மறுபடி முடக்கில் ஏறியது. இந்த முறையும் இடமில்லை.

அந்தச் சூட்டோடு அதிபர் வலயத்துப் பெரியவரைக் கூப்பிட்டு விழா எடுத்து, மேடையிலேயே கணித மாஸ்டர் ஒருவரைக் கேட்டார். பெரியவர் பேனரைப் பார்த்தார், அதிபரைப் பார்த்தார்.

"மாஸ்டர் இல்லாமலே நூறு வீதம்! பொறகு எதுக்கு சேர் மாஸ்டர்? பெயிலாகிற ஸ்கூலுக்குக் குடுப்போம்."

கைதட்டல் பலமாக இருந்தது. அதிபரும் தட்டினார், பாவம், வேறென்ன செய்வார்.

அடுத்த வருடம் பஜார்ப் பிள்ளைகள் டவுன் சிங்களப் பாடசாலைக்குப் போனார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்கும் மலைக்கும் போனார்கள். பதினோராம் ஆண்டு மூடியது, பிறகு பத்து, ஒன்பது. இப்போது ஐந்தாம் ஆண்டுவரைதான். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கையில் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். 'மகா'வை மட்டும் வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சந்திப் பேனரைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ தேயிலைத் தண்ணியை ஆற்றி என் கையில் கொடுத்தாள்.

"ஏன்டி, நீ அன்னைக்கு பெயிலாகியிருந்தா, ஒரு மாஸ்டர் வந்திருப்பாருல்ல?"