குளோரியை மட்டும் அனுப்பு

பிள்ளைகள் நிறைந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை மட்டும் விளையாடக் கூப்பிட்டால் அதில் என்ன தப்பு? நேசபாயின் கதையை முதலில் கேட்டபோது எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

நேசபாய் அருமனைப் பக்கத்து மிஷன் சபை ஒன்றின் உபதேசியார் மனைவி. மூத்த இரண்டு பிள்ளைகளையும் கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தவள். மிஞ்சியது ஜெபகுமாரி ஒருத்திதான். ரோட்டில் எந்தப் பிள்ளை இருமினாலும் நேசபாய் ஓடிப்போய் வேலிப் படலைச் சாத்துவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷக் கோடையில் ஜெபகுமாரி முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டைகளை அடுக்கி, எதிர்வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை அவற்றுக்கு வைத்தாள். தன் சோற்றையும் அவற்றுக்கே ஊட்டிவிட்டுப் பட்டினி கிடந்தாள். மகள் இப்படியே மெலிந்துபோவாளோ என்ற பயத்தில் நேசபாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை.

எதிர்வீட்டுப் பூங்கனிக்கு எட்டுப் பிள்ளைகள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேசபாய் அவளைப் பிடித்து, சனிக்கிழமை மத்தியானம் அவள் மகள் குளோரியைக் குளிப்பாட்டி அனுப்பச் சொன்னாள். குளோரிக்கும் ஜெபகுமாரிக்கும் ஒரே வயது. பூங்கனியும் சரி என்று தலையாட்டினாள்.

குளோரி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, பாவாடையைப் பிடித்தபடி ஒரு தம்பி, அவனுக்குப் பின்னால் மூக்கு ஒழுகிக்கொண்டு இன்னொருத்தி. அந்த மூக்கொழுகி ஒரு தரம் இருமினாள். நேசபாய் படலைப் பாதி திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். மற்றவர்களை விட்டுவிட்டு வரும்படி குளோரியிடம் சொன்னாள். குளோரி திரும்பினாள். மற்றவர்களும் அப்படியே திரும்பினார்கள். ஜெபகுமாரி சிரட்டையை எறிந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பூங்கனி வந்தாள்.

"அக்கா, சந்தையில கோழி பொறுக்குத மாதிரி எனக்க பிள்ளையளப் பொறுக்காதிங்க. நான் கூலி வேலைக்குப் போனா பெரியதுதான் சின்னத நோக்கணும். குளோரி வந்தா அதுவளும் வரும்."

நேசபாய் தயங்கித் தயங்கி இருமல் விஷயத்தைச் சொன்னாள். பூங்கனியின் முகம் மாறியது.

"எனக்கும் ஒண்ணு அதுலதான் போச்சு. மத்ததுவள எங்க கொண்டு பூட்டிவைக்க? நீங்க ஒங்க பிள்ளைய அங்க விடுங்க அக்கா. குளோரிக்கு இடுப்பு நோவுது. பிள்ளையத் தூக்க ஒரு ஆளு வேணும்."

அந்த வாரம் முழுக்க நேசபாய் 'விடலாம்', 'வேண்டாம்' என்று மாற்றி மாற்றிச் சொல்லி உபதேசியாரையும் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினாள். மரச்சீனிக் கிழங்கை அடுப்பில் வைத்தாள்; மறந்தாள்; கிழங்கு அடிப்பிடித்தது. எதிர்வீட்டுக் கூச்சல் காதில் விழுந்தவரை பொறுத்திருந்தாள். அது சட்டென்று நின்றதும் ஓடினாள்.

பலாமரத்தடியில் ஜெபகுமாரி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தை அவள் மடியில் தூங்கியது. மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"அம்மா, போங்க. இவன் முழிச்சிருவான்," என்றாள் ஜெபகுமாரி, மெதுவாக.

 நேசபாய் வந்த வழியே திரும்பி நடந்தாள். அன்று ராத்திரி ஜெபகுமாரி கருகிய கிழங்கைக்கூட இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றாள்.

மழைக்காலத்தில் ஜெபகுமாரிக்கு இருமல் வரத்தான் செய்தது. எங்கிருந்து தொற்றியது என்று யாருக்கும் தெரியாது. ஆடாதோடைக் கஷாயம் கொடுத்து, மகளின் மூச்சை எண்ணிக்கொண்டே நேசபாய் பக்கத்தில் கிடந்தாள். இருமல் விட்டதும், அடுத்த சனிக்கிழமை அவளே படலைத் திறந்துவிட்டாள். ஆனாலும் மகள் திரும்பி வரும்வரை ஒரு சனிக்கிழமைகூட அவளால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை.

ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கிற தாய் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், நேசபாய் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்காரிக்கும் சொல்லுங்கள்.