சுண்டு இருந்த உபவாசம்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். ஸ்ரீரங்கத்துல எங்க ஃப்ளாட்டுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, மூணாவது மாடி டெய்லர் லிசியா, அய்யோ, பிடிச்சுக்கிட்டா விடமாட்டாளேன்னு. எதிர்வீட்டு ரெங்கராஜ் சார் அதுக்கு நேர்மாறு. ரயில்வே பார்சல் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். ‘வாம்மா’, ‘சரிம்மா’, அதுக்கு மேல வாய் திறக்கமாட்டார். அவர் சம்சாரம் கோமளம் மாமி தவறிப்போனப்புறம் அதுவும் குறைஞ்சுபோச்சு. பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டுக்குள்ள அவரும் சுண்டுவும்தான்.

சுண்டு ஒரு கடுவன் பூனை. மாமி படுக்கையில கிடந்தப்ப ஜன்னல் வழியா வந்து கால்மாட்டுல ஒட்டிக்கிட்டவன். சார் வீட்ல அவனுக்குத் தயிர்சாதம், எங்க வீட்ல நெத்திலி. இது சாருக்குத் தெரியும், தெரியாத மாதிரியே இருப்பார். சார் மனசுவிட்டுப் பேசறதெல்லாம் அவன்கிட்டதான். “வெயில் தாழட்டும்டா, அப்புறமா மொட்டைமாடிக்குப் போலாம்”னு கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்கும். 

போன வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் சேவிச்சுட்டு வந்த சார், மாடிப்படியில என்னைப் பாத்து நின்னார். “லிசி, சுண்டு வாய்ல ஒண்ணும் படலைம்மா. பால்கூட வேண்டாங்கறான்.” முகத்துல ஒரு கலக்கம். அதுக்குள்ள கீழ்வீட்டு மாமி காதுல விழுந்துடுச்சு. “பெருமாள் ஊர்ப் பூனையோன்னோ! ஏகாதசி உபவாசம் இருக்கு”ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அவ்வளவுதான், ஃப்ளாட் பூரா அதே பேச்சு. வர்றவங்க போறவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. ஒருத்தர் செல்போன்ல போட்டோ எடுத்து குரூப்ல போட்டார். சார் பாவம், சிரிக்கறதா வேண்டாமான்னு தெரியாம நின்னார். “பூனைக்கு எதுக்கு சார் ஏகாதசி”ன்னு சொல்லிட்டு நான் மெஷினுக்குப் போயிட்டேன்.

மறுநாள் துவாதசி. காலையிலேயே அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சமைச்சுச் சாப்பிட்டு விரதத்தை முடிக்கற நாள். நான் துணி காயப்போட்டுட்டு இருக்கேன், சார் வீட்லேர்ந்து ஒரு சத்தம். மியாவ் இல்ல, அடித்தொண்டையிலேர்ந்து வர்ற ஒரு முனகல். போய்க் கதவைத் தட்டினேன். சார் தனக்கு இலையில போட்டுக்கிட்ட சாதம் அப்படியே ஆறிக்கிடக்கு. சார் தரையில முட்டிபோட்டு, கட்டிலுக்கு அடியில குனிஞ்சு, “நேத்திக்கு இருந்தது போறும்டா, இன்னிக்குச் சாப்பிடலாம்டா, வாடா”ன்னு கெஞ்சிட்டிருக்கார்.

“தள்ளுங்க சார்”னு நான் ஓடிப்போய் நெத்திலியை எடுத்துட்டு வந்தேன். அந்த வீட்டுக்குள்ள மீன் வாடை போனது அதுதான் முதல் தடவை. சார் தானே நகர்ந்து இடம் விட்டார். சுண்டு மோந்துகூடப் பாக்காம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். அப்புறம் மெல்ல எழுந்து, மணல் டப்புல ஏறிக் குந்தினான். முக்குறான், முக்குறான், ஒரு சொட்டு வரல. இறங்கி நக்கிக்கிறான், மறுபடி ஏறுறான்.

பாலக்கரையில எங்கம்மா வீட்ல எப்பவும் பூனைங்க கிடக்கும். ஒரு வேளை தின்னலைன்னா, சரி போன்னு விட்டுரலாம். கடுவன் ஒண்ணுக்குப் போக முடியாம முக்கினா மட்டும் விடவே கூடாது, செத்துப்போயிடும். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! “உபவாசமாம், உபவாசம்! கூடையை எடுங்க சார்!”

திருவிழாக் கூட்டத்துல எங்க தெருப்பக்கம் ஆட்டோவே வரல. கூடையைத் தூக்கிட்டு அம்மா மண்டபம் ரோடு வரைக்கும் நடந்தோம். ஜனமெல்லாம் கோயிலைப் பாத்து வருது, நாங்க ரெண்டு பேரும் இடிச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் போறோம். காவேரிப் பாலத்துல ஆட்டோ ஊர்ந்துச்சு. சார் கூடைக்குள்ள விட்ட கையை எடுக்கவேயில்ல. “சத்தம் நின்னுபோச்சே லிசி”ன்னார். “சீக்கிரம் போங்கண்ணா”ன்னு டிரைவரை விரட்டினேன்.

தில்லை நகர் கிளினிக்ல டாக்டர் ப்ரீத்தின்னு ஒரு சின்னப் பொண்ணு. சுண்டு வயித்தைத் தொட்டுப் பாத்ததுமே முகம் மாறிடுச்சு. “எப்போலேர்ந்து இப்படி?”

சார் சொல்ல ஆரம்பிச்சார். ஏகாதசிக்கு முந்தின நாள் சாயங்காலமே மடியில ஏறலையாம். டப்புக்கு அடிக்கடி போனானாம், மணல் ஈரமாகலையாம். வாசக்கதவு திறந்தா ஓடிவந்து காலைச் சுத்தறவன் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தானாம். முதுகைத் தடவினா சீறினானாம். மனுஷன் ஒண்ணு விடாம பாத்து வச்சிருக்கார்! 

“இவ்வளவு கவனிச்சிருக்கீங்களே சார், அப்பவே ஏன் தூக்கிட்டு வரல?”ன்னு டாக்டர் கேட்டாங்க.

சார் வேட்டி நுனியைத் திருகினார். “ஆத்துக்காரி இருந்தா, ‘இவன் ஒரு மாதிரியா இருக்கானோன்னோ’ன்னு கேட்டிருப்பேன். அவளும் ‘ஆமான்னா, எனக்கும் அப்படித்தான் படறது’ன்னிருப்பா. கிளம்பி வந்திருப்போம். ஒத்தை ஆளா உக்காந்து பாத்தா, நெஜமாவே அவனுக்குத்தான் ஏதோ ஆறதா, இல்ல எனக்குத்தான் பயமான்னு தெரியல டாக்டர். எல்லாரும் உபவாசம்னுட்டா. இருக்கும்னு நினைச்சுண்டேன்.”

டாக்டர் சுண்டுவைத் தூக்கிட்டு உள்ள போனாங்க. குழாய் போட்டு அடைப்பை எடுத்து, வெளிய வந்து, பொழைச்சுக்குவான், ஆனா ரெண்டு மூணு நாள் இங்கயே இருக்கணும்னாங்க. சார் சரின்னு தலையாட்டினார். கிளம்பறப்ப ரெண்டு தரம் திரும்பி உள்ள போய்ப் பாத்துட்டு வந்தார்.

திரும்பி வர்ற ஆட்டோவுல காலிக் கூடையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டறப்ப மெதுவா, “லிசி, பசிக்கிற மாதிரி இருக்கும்மா. முந்தாநாள் சாப்பிட்டது. இப்போ ஏதாவது சாப்பிடலாமோ?”ன்னார்.

“இதைக்கூடவா சார் என்கிட்ட கேப்பீங்க?”ன்னு வெடுக்குன்னு கேட்டுட்டேன்.

“வேற யார்கிட்டம்மா கேப்பேன்?”

ஒரு ஓட்டல் பாத்து ஆட்டோவை ஓரமா நிறுத்தச் சொன்னேன்.