கணினியிலை நான் செத்துப்போன கதை

இண்டைக்கு ஓய்வூதியக் கந்தோருக்குப் போனன்.

கணினிக்கு முன்னாலை இருந்த பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னா: "ஐயா, நீங்கள் போன மாசம் காலமானதாக் கிடக்கு."

வரிசையிலை நிண்டவை சிரிச்சினம். நானும் சிரிச்சன்.

"இறந்தவையின்ரை பட்டியலை எங்கடை பட்டியலோடை சேர்க்கேக்கை, இலக்கத்தைப் பாக்காமல் பெயரை மட்டும் பாத்துச் சேர்த்திட்டினம்" எண்டா.

என்ரை சிரிப்பு நிண்டு போச்சு.

எழுபதுகளிலை நான் வல்வெட்டித்துறையிலை ஒரு மீனவர் சங்கத்திலை கிளாக்கர். முல்லைத்தீவுக்குத் தொழிலுக்குப் போன ஒராள் கடலிலை மூழ்கி மோசம் போனார் எண்டு தந்தி வந்தது. உறுப்பினர் இலக்கமும் இருந்தது, கந்தையா எண்ட பெயரும் இருந்தது. நான் இடாப்பிலை பெயரை மட்டும் தேடி, முதல் அம்பிட்ட கந்தையா வீட்டை போய்ச் சொல்லிப்போட்டன்.

அடுத்தநாள் மத்தியானம் அந்தக் கந்தையா மூட்டையோடை பஸ்ஸாலை இறங்கி வந்தார். செத்தவீடு கலியாணவீடு மாதிரி ஆச்சு.

அவரின்ரை மனிசியை முதல்நாளிலையிருந்து கட்டிப்பிடிச்சு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா மட்டும் எழும்பேல்லை. அவவின்ரை புருஷனும் கந்தையாதான். அவரும் முல்லைத்தீவிலைதான் நிண்டவர்.

என்னைப் பாத்துக் கேட்டா: "அப்ப தம்பி, செத்தது ஆர்?"

இண்டைக்கு அந்தப் பிள்ளை, "இப்பவே திருத்திவிடுறன் ஐயா" எண்டு சொல்ல, என்ரை வாயிலை வந்ததும் அதே கேள்விதான். பிள்ளை என்னை உயிரோடை எண்டு மாத்திப்போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டா.

என்ரை பெயரிலை போன மாசம் ஆரும் செத்தது தெரிஞ்சால் சொல்லுங்கோ. ஒருக்கால் போய்த் துக்கம் விசாரிக்கவேணும்.