எக்ஸ்சேஞ்ச் அக்காவின் கட்டைவிரல்

என் அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, வெளியூரில் இருந்த தங்கைக்கு டெலிபோன் பூத்திலிருந்து பேசினேன். கொடுத்த நேரம் முடிந்தும் லைன் அறுபடவில்லை. நாங்கள் இருவரும் அழுது ஓயும்வரை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். அது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்த அக்கா என்பது வெகுகாலம் கழித்து, வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் வாயைத் திறக்கவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு அக்கா எங்கள் தெருமுனை மாடியில் தனியாக இருந்தார். நான் துணி தேய்த்துப் பிழைப்பவள். அவருடைய துணியும் என்னிடம்தான் வரும். மகன் தூரத்தில் இருந்தார். அவர் கூப்பிட்டாலும் அக்கா போகமாட்டார். "இங்க இருக்கிறவரைக்கும்தான் நான் மனுஷி. அங்க போனா மூலையில வச்ச பெட்டி" என்பார்.

தெருவுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. யார் எதைப் போட்டாலும் முதல் ஆளாக அக்காவின் கட்டைவிரல் படம் வந்துவிடும். தண்ணீர் வராது என்றாலும் கட்டைவிரல், பிள்ளை பிறந்தது என்றாலும் கட்டைவிரல். "அக்கா எதுக்கும் தயார்" என்று சிரித்துக்கொள்வோம்.

என் எதிர்வீட்டுத் தையல்காரர் இறந்த செய்திக்கும் கட்டைவிரல் விழுந்தது. துக்கத்துக்கும் அக்கா வரவில்லை. "என் வீட்டுக்காரர் செத்தது அவளுக்குச் சபாஷ்!" என்று தையல்காரர் மனைவி கதறினாள்.

பொறுக்காமல் மாடியேறிச் சொன்னேன்.

"தையல்காரரா? எப்போ?" அக்காவின் முகம் சுண்டிப்போனது. "நடுவுல எல்லாம் புகைடீ. ஓரம்தான் தெரியுது. எழுத்துன்னா எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு. கட்டைவிரல் எங்க இருக்குன்னு மட்டும் கைக்குப் பழக்கம்."

"சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?"

"மகன் காதுக்குப் போனா மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிடுவான். சாமி மேல ஆணை, நீ சொல்லிடாதே."

செல்போன் கடைக்கு அழைத்துப் போனேன். "திரையை வாசிச்சுச் சொல்ற மென்பொருள் போன்லயே இருக்கும்மா. பத்து பைசா வேண்டாம். கேட்கத்தான் ஆளில்லை" என்று சொல்லிக் கடைக்காரர் அதை முடுக்கினார். விரல் பட்ட இடத்தையெல்லாம் அது உரக்க வாசித்தது. அக்காவின் விரல் தடுமாறி, தையல்காரர் மனைவி தனியாக அனுப்பிய செய்தியில் பட்டது. "நீயெல்லாம் மனுஷியா? இனி என் வாசல்ல கால் வைக்காதே." கோபமோ அழுகையோ இல்லாத குரலில் கடை முழுக்கக் கேட்டது. நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அணைச்சிடுப்பா, அணைச்சிடு" என்றார் அக்கா. கடைக்காரர் சங்கடத்தோடு காதில் மாட்டிக்கொள்ளும் கருவியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பழைய செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றில் சட்டென்று நின்றார். தையல்காரர் மனைவி குழுவில் கேட்டிருந்தாள்: "இவருக்கு மூச்சுத் திணறுது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு யாராவது வர முடியுமா?" கீழே ஒரே பதில், அக்காவின் கட்டைவிரல். அக்கா போகிறார் என்று நினைத்து நாங்கள் யாரும் போகவில்லை.

"வர்றேன்னு காட்டிட்டு வராம இருந்திருக்கேனே. வழி பார்த்துட்டே இருந்திருப்பாளே" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதே தையல்காரர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். கண்ணைப் பற்றி மறைக்காமல் சொன்னார். "தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்று தையல்காரர் மனைவி சீறினாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சில நாளில் மகன் காரோடு வந்து நின்றார். தையல்காரர் மனைவிதான் வத்தி வைத்துவிட்டாள் என்று தெருவே பேசியது. நானும் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

கார் கிளம்பும்போது அக்கா என் கையைத் தேடிப் பிடித்தார். "அவ மேல வருத்தம் வைக்காதே. மகன்கிட்ட நானேதான் சொன்னேன். அவ முகத்துக்கு நேரா ஒத்துக்கிட்ட பிறகு பெத்த பிள்ளைகிட்ட எப்படிடீ நடிக்கிறது? நீ அவ வீட்டுக்குப் போ. ராத்திரியில தனியா இருக்கா."