கயிறு விழுமுன்

மிக்கேலின் முழங்கால் உடைந்ததற்கு நான்தான் காரணம். அது தெரியாமல் செய்தது. உடைத்துக்கொண்டது அவரேதான் என்று ஆபீஸில் சொன்னேனே, அது தெரிந்தே செய்தது.

நேற்று கடலை வாங்கினேன். பல் இல்லாதவனுக்கு எதற்குக் கடலை என்று கேட்காதீர்கள். மணலில் வறுத்த வாசனைக்காக வாங்குவது. பொட்டலத்தைப் பிரித்தால் பள்ளிக்கூடப் புத்தகத் தாள். படகிலிருந்து ஒருவன் கரைக்குத் தாவுகிறான். அவன் பக்கம் ஓர் அம்புக்குறி, படகின் பக்கம் எதிர்த்திசையில் இன்னொன்று. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. அதைப் பார்த்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இதையும் எழுந்து எழுந்து போய்த்தான் எழுதுகிறேன்.

இந்த வியாதி எனக்கு அப்போதே உண்டு. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். பாளையங்கோட்டையில் பௌதிகம் படித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் சரக்கு எண்ணும் ரைட்டராகச் சேர்ந்திருந்தேன். அந்நாளில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் வெகுதூரம் தள்ளி நிற்கும். சரக்கு தோணியில் போகும், ரைட்டர் சின்னப் படகில் போவான். போகும்போது கருவாட்டு நெடி, வரும்போது நிலக்கரிப் புகை. என் சட்டையை அம்மா கொடியில் தனியாகத்தான் காயப்போடுவாள்.

அந்தப் படகின் முன்முனையில், கரைக் கல்லில் மாட்டிக் கட்டும் கயிற்றோடு நிற்பவர் மிக்கேல். வாலிபத்தில் முத்துக்குளிப்புக்குப் போனவர். குளிக்க அல்ல, குளிப்பவனின் கயிற்றை மேலேயிருந்து பிடிக்க. அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலி அவன் பிடியில் இருக்கிறதல்லவா? மச்சினன் இல்லாதவர்கள் மிக்கேலைக் கூப்பிடுவார்களாம்.

படகு கரையை நெருங்கும்போதே நான் எழுந்துவிடுவேன்.

"ரைட்டரய்யா, கயிறு விழட்டும். கரை எங்கயும் ஓடிப்போவாது" என்பார் மிக்கேல்.

துடுப்புக்காரர்களில் ஒருவன் விடமாட்டான். "மாப்பிள்ளையூரணியில பொண்ணு பாத்திருக்காவளோ என்னமோ. ஆத்தமாட்டாம நிக்காவ."

அன்று ரயிலுக்கு நேரமாகியிருந்தது. எந்த ஊருக்கு, எதற்காக, ஒன்றும் நினைவில்லை. படகின் விளிம்பை உதைத்தது மட்டும் காலுக்கு நினைவிருக்கிறது. நான் கல்படிக்கு வந்தேன். படகு பின்னால் போயிற்று. அதே நொடியில் மிக்கேல் கயிற்றோடு படியில் கால் வைக்கப் போனார். கால் பட்ட இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. விழுந்தவர் படியைப் பற்றி ஏறுவதற்குள் அலை படகைத் திருப்பிக் கொண்டுவந்தது. மெதுவாகத்தான் வந்தது. இரண்டு கையாலும் தடுத்தேன். அவ்வளவு பாரம் எவ்வளவு மெதுவாக வந்தாலும் கைக்கு நிற்காது. கல்லூரியில் கணக்காகப் போட்டிருக்கிறேன். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே பனங்கிழங்கு ஒடிகிற சத்தம் கேட்டது.

மறுநாள் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை விசாரித்தார். துடுப்புக்காரர்கள் கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர்கள். பார்த்தவன் நான் ஒருவன். வேலை போய்விடும் என்ற பயம். மிக்கேல் கயிறு விழுமுன் குதித்தார், குதிக்கிறவன் கால் படகைப் பின்னுக்குத் தள்ளும், இது இயற்கை விதி என்று நல்ல இங்கிலீஷில் விளக்கினேன். பென்சிலை உருட்டி வேறு காட்டினேன். விதி சரிதான். ஆளைத்தான் மாற்றியிருந்தேன். ஆஸ்பத்திரியில் மிக்கேல் மறுத்தாராம். அதை யார் இங்கிலீஷில் சொல்வது? தன் தப்பால் அடிபட்டவருக்குக் கம்பெனி உதவி கிடையாது என்று முடிந்தது. மிக்கேலின் கால் மடங்காமல் நீட்டியபடியே நின்றுவிட்டது. ஊர் அவருக்குக் 'குதிச்சான்' என்று பேர் வைத்தது. கயிறு பிடித்துப் பேர் வாங்கிய மனிதருக்கு அதைவிட ஒரு வசவு இல்லை.

சில வருஷம், வேலை முடிந்ததும் வீட்டில் இருக்க முடியாமல் தெருத்தெருவாக அலைந்தேன். பிறகு கம்பெனியில் போய்ச் சொன்னேன். பழைய துரை சீமைக்குப் போயிருந்தார். புது ஆள், முடிந்த விஷயம் என்றார். வேலையை விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, மாதா கோயில் வாசலில் நின்று, படகை உதைத்தது நான் என்று உரக்கச் சொன்னேன்.

மிக்கேல் கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டார். "நீங்க சொல்லுததுக்கு முந்தியே என் முட்டுக்குத் தெரியும்லா" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இனிமே ஒருத்தனும் அந்தப் பேரச் சொல்லப்பிடாது. கேட்டியளாலே?"

எல்லாரும் சரி என்றார்கள். மறுநாள் மீன் சந்தையில் எவனோ பின்னாலிருந்து, "ஏலே குதிச்சான்" என்று கூப்பிட, மிக்கேல் திரும்பி, "என்னலே?" என்றார். கூப்பிட்டவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவரும் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை.

இப்போது கப்பல் நேரே வந்து கரையோடு ஒட்டி நிற்கிறது. அந்தச் சின்னப் படகுகளும் இல்லை, கயிறு விழட்டும் என்று சொல்ல ஆளும் இல்லை. மிக்கேல் போய் வெகுகாலம். கடற்கரைச் சாலையில் அவர் பேரன் டீக்கடை வைத்திருக்கிறான். போர்டில் மாதா பேர். ஊர் வாயில் குதிச்சான் கடை. எதற்கு அந்தப் பேர் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க தாத்தா பெரிய ஆளுல்லா அய்யா" என்றான், கிளாஸைக் கழுவிக்கொண்டே. "எவனாவது முங்குனா யோசிக்காமக் குதிச்சுத் தூக்கிருவாவளாம். அதுலதான் காலு போச்சுதாம்."

நான் திருத்தவில்லை. இன்னொரு டீ போடச் சொன்னேன்.