நொசகா வழியாத்தான் வரும்

எங்கள் நொசகாவில் ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் தோகுஜி. பக்கத்துக் கடை என்னுடையது; சைக்கிள் பழுது பார்ப்பேன். அவர் கடைக் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்வாக மாட்டியிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்தால் நம் முகத்துக்குப் பின்னால் பிளாட்பாரமும் சிக்னல் கம்பமும் தெரியும். அது உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதற்காக அல்ல, பின்னால் நின்று முடி வெட்டுகிறவர் பார்ப்பதற்காக.

இளவயதில் ரயில்வே வேலைக்கு மனுப் போட்டவர் அவர். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமா ஒருவரிடம் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்டு, தண்டவாளத்துக்கு ஆகப் பக்கத்தில் எந்த இடம் காலியாக இருக்கிறதென்று தேடிக் கடை போட்டார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"எஞ்சின் ஓட்டுறவன் தலையையே நான் பிடிச்சுத் திருப்புறேன். இதுக்கு மேல என்ன வேணும்?" என்பார்.

கடையில் வெட்டுவது அவர் வேலை, சவரம் அவர் மனைவி ஹரூயேயின் வேலை. அந்த அம்மாள் கத்தி வைத்தால் கன்னத்தில் காற்று பட்ட மாதிரி இருக்கும். தோகுஜி கத்தி வைத்தால், எந்த வண்டி வருகிறது என்பதைப் பொறுத்தது. ரயிலைப் பற்றி ஹரூயேயின் கருத்து சுருக்கமானது. "ஏறணும், இறங்கணும். நடுவுல பேசறதுக்கு என்ன இருக்கு?" கல்யாணமான புதிதில் கணவர் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறார். பிறகு, அவர் ரயில் பேச்சை ஆரம்பித்தால் துண்டுகளை மடிக்கப் போய்விடுவார்.

ஷோவா ஐம்பத்து மூன்றாம் வருஷம், அதாவது 1978-இல், அவர்கள் மகள் சாயோகோவுக்குத் தோக்கியோவில் பெண் குழந்தை பிறந்தது. ஹரூயே பிரசவம் பார்க்கப் போனார். அவர் இல்லாத அந்த மாதத்தில் ஊர் ஆண்களின் தாடையெல்லாம் சிறு சிறு பிளாஸ்திரிகள். செப்டம்பர் கடைசியில், அன்று இரவு படுக்கை ரயிலில் கிளம்புவதாகத் தோக்கியோ நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார். இரண்டாம் எண் பெட்டி, கீழ்ப் படுக்கை.

அந்த ரயில் எங்கள் ஊர்ப் பக்கமே வராது. தோக்கியோவிலிருந்து கியோத்தோ வந்து, அங்கிருந்து வடக்குக் கடலோரமாகவே ஓடிக் காலையில் யோனகோ சேரும். ஹரூயே அங்கே இறங்கி, மலைக்குள் வரும் சின்ன வண்டியைப் பிடித்துத் திரும்பி வர வேண்டும். வீடு சேர மத்தியானம் தாண்டிவிடும்.

மறுநாள் காலை அடைமழை. நான் முடி வெட்டிக்கொள்ள தோகுஜி கடை பெஞ்சில் காத்திருந்தேன். நாற்காலியில் இருந்தவர் எஞ்சின் ஓட்டுநர் இசோபே. அன்று அவருக்கு ஓய்வு நாள். தலையின் வலது பாதி முடிந்து, இடது பாதி காடாக இருந்தபோது வானொலியில் செய்தி வந்தது. கடலோரப் பாதையில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது, யாருக்கும் காயமில்லை, தோக்கியோ படுக்கை ரயில் வேறு வழியாகத் திருப்பி விடப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். எந்த வழி என்று சொல்லவில்லை.

தோகுஜியின் கத்தரி நின்றது.

"ஹரூயே-சான் அதுலதானே வர்றாங்க?" என்றேன்.

"அதுலதான். காயமில்லன்னு சொல்லிட்டான்ல," என்றார். குரலில் பதற்றம் இல்லை. கிண்ணத்திலிருந்து சவர நுரையை விரலால் வழித்துக் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார். "இது கியோத்தோ." மேலே, இடது மூலையில் இன்னொன்று. "இது யோனகோ. மேல போற கடலோரப் பாதை அடைஞ்சாச்சு. இனி எப்படிப் போவான்?"

"பயணிகளை இறக்கி பஸ்ல ஏத்திடுவாங்க," என்றேன்.

"அப்படின்னா 'நிறுத்தம்'னு சொல்லியிருப்பான். 'திருப்பி விட்டாச்சு'ன்னுல்ல சொன்னான்." கியோத்தோவிலிருந்து கீழ்ப்பக்கமாக ஒரு நுரைக்கோடு ஓடி ஒகயாமாவில் நின்றது. "தெற்குப் பாதையில இது வரைக்கும் வந்தாகணும். வழியில மலையேறுற கிளைப் பாதை ஒண்ணு இருக்கு. ஆனா அதுல தண்டவாளம் லேசு, பெரிய எஞ்சின் ஏறினா தாங்காது. மேற்குக் கோடி வரைக்கும் சுத்திட்டுப் போகலாம். போனா நாளைக்குத்தான் யோனகோ." ஒகயாமாவிலிருந்து நேர் மேலே ஒரு கோடு இழுத்து, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினார். "மிச்சம் இருக்கறது நம்ம பாதை. இங்கதான் நாம இருக்கோம்."

அவர் விரல் வைத்த இடத்தில் இசோபேயின் மூக்கு தெரிந்தது.

"பெண்டாட்டியப் பாக்கணும்னு ஆசை. அதான் ரயிலை வீட்டு வாசலுக்கே கூட்டிட்டு வர்றார்," என்றேன்.

"கேலி பண்ணு. காலையில ஏறி வர்ற சரக்கு வண்டிச் சத்தம் இன்னைக்குக் கேட்டியா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. தினமும் என் கடைப் பலகையை அதிரவைக்கும் வண்டி அது.

"ஏன் வரல? அதோட டீசல் எஞ்சினைக் கழட்டிட்டாங்க. யாருக்குக் குடுக்க? நம்ம மேட்டுல மின்கம்பி கிடையாது. படுக்கை ரயிலை இழுக்க டீசல் வேணும்ல."

இசோபே கண்ணாடியில் தன் பாதித் தலையைப் பார்த்துக்கொண்டு, "மீதியையும் வெட்டிட்டுப் பேசலாமே, தோகு-சான்," என்றார்.

அதற்குள் கடைத் தொலைபேசி அடித்தது. எதிரே நிலையத்திலிருந்து, இசோபே அங்கே இருக்கிறாரா என்று கேட்டார்கள். இசோபே வாங்கி, "சரி, சரி, கீழ போற வண்டியிலயா, சரி," என்று வைத்தார். கழுத்துத் துணியை அவரே உருவிக்கொண்டார்.

"ஓய்வு நாள்ல எங்க கூப்பிடுறாங்க?" என்றார் தோகுஜி, மிகச் சாதாரணமாக.

"எங்கயோ."

"கடலோர ஓட்டுநருக்கு நம்ம ஏற்றமும் வளைவும் தெரியாது. கீழயே கூட ஒரு ஆள் ஏறணும்."

"நான் ஒண்ணும் சொல்லல," என்று இசோபே தொப்பியை இடது காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் ஓடினார்.

"அவர் ஒண்ணும் சொல்லல," என்றார் தோகுஜி என்னிடம், முகமெல்லாம் மலர்ந்து.

என் முடிக்கு அன்று யோகம் இல்லை. தோகுஜி கண்ணாடியில் அடுத்த கணக்கை ஆரம்பித்துவிட்டார். வருவது நிச்சயம், ஆனால் நிற்குமா? எங்கள் மலைப்பாதை ஒற்றைத் தண்டவாளம். யோனகோவிலிருந்து இறங்கி வரும் எக்ஸ்பிரஸுக்கு எங்கேயாவது வழிவிட்டாக வேண்டும். படுக்கை ரயில் நீளமானது. பக்கத்துச் சின்ன நிலையங்களின் ஒதுங்கு பாதையில் நிறுத்தினால் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நீளத்துக்குப் பழைய பிளாட்பாரம் இருப்பது எங்கள் ஊரில்தான்.

தோஃபூ கடை கிகுனோ அம்மாள் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும், "பாவம், ராத்திரி முழுக்க வண்டியில வந்தவ, என்ன சாப்பிட்டாளோ," என்று திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில், வறுத்த தோஃபூப் பைகளில் காடி கலந்த சோறு அடைத்து ஒரு பொட்டலமே கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வரலேன்னா நீங்கதான் சாப்பிடணும், தோகு-சான். அத்தனையும்."

கடையில் 'சற்று நேரத்தில் வருகிறேன்' பலகையை மாட்டிவிட்டு மூவரும் நிலையத்துக்குப் போனோம். உதவி நிலைய அதிகாரி நிஷிதானி வாசலில் நின்றிருந்தார். சட்டம் பார்க்கும் மனிதர். ஆனால் வாரா வாரம் தோகுஜியிடம் தலையைக் கொடுப்பவர்.

"படுக்கை ரயில் இந்த வழியா வருதான்னு கேக்காதீங்க. நான் சொல்லக் கூடாது," என்றார்.

"கேக்கல."

"ரெண்டாவது பிளாட்பாரத்துல தேங்கியிருந்த தண்ணியத் தள்ளச் சொல்லியிருக்கேன். அங்க நின்னா செருப்பு நனையாது. அவ்வளவுதான் சொல்லுவேன்." கூடவே, "எது வந்து நின்னாலும் கதவு திறக்காது. இது பயணிகள் நிறுத்தம் இல்ல," என்றார்.

தோகுஜி முகம் ஒரு கணம் விழுந்தது. இது அவர் கணக்கில் இல்லை. பிறகு, "பரவாயில்ல. ஜன்னல் இருக்கே," என்றார்.

மழை தூறலாகியிருந்தது. எக்ஸ்பிரஸ் முதல் பிளாட்பாரத்தில் வந்து நின்றது. வழக்கமாக ஏற்றி இறக்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடும். அன்று சிக்னல் விழவில்லை. அதில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தோகுஜி தெற்கே சுரங்க வாயைப் பார்த்தபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் அதிர்வு வந்தது. பிறகு சுரங்கத்திலிருந்து சிவப்பு டீசல் எஞ்சின், அதன் பின்னால் எங்கள் ஊர் பார்த்தேயிராத நீலப் பெட்டிகள், ஒன்றன் பின் ஒன்றாக, மழையில் கழுவப்பட்டுப் பளபளவென்று. எஞ்சின் எங்களைத் தாண்டும்போது ஜன்னலில் இசோபே தெரிந்தார். வெள்ளைக் கையுறையால் முன்னால் சிக்னலைச் சுட்டிக்கொண்டு, வேறெங்கும் பார்க்காமல். தொப்பிக்குக் கீழே இடது பக்கம் மட்டும் முடி புதராகத் தொங்கியது.

தோகுஜி தலைப்பக்கத்தில் இரண்டாவது பெட்டிக்கு நேராகப் போய் நின்றிருந்தார். வண்டி நின்றதும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். அந்நிய முகங்கள். பெட்டி எண்ணைப் பார்த்தேன். தலையிலிருந்தல்ல, வாலிலிருந்து எண்ணியிருந்தார்கள்.

"தோகு-சான், அந்தக் கோடி!"

வழி முழுவதையும் சரியாகக் கண்டுபிடித்த மனிதர் இதை மறந்துவிட்டார். வெள்ளை அங்கி பறக்க, காலில் மரச்செருப்பு தடதடக்க, பிளாட்பாரத்தின் முழு நீளமும் ஓடினார். பின்னால் நான், எனக்குப் பின்னால் பொட்டலத்தோடு கிகுனோ அம்மாள். எக்ஸ்பிரஸ் பயணிகள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இரண்டாம் எண் பெட்டியின் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் ஹரூயே ஏற்கெனவே நின்றிருந்தார். தலைவாரி, முகம் கழுவி, உதட்டுச் சாயம்கூடப் பூசி. அவரைச் சுற்றி நாலைந்து பேர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தோகுஜியைக் கண்டதும் அவர்கள் கைதட்டியதும் சிரித்ததும் தெரிந்தது, சத்தம் வரவில்லை.

ஹரூயே பையைத் துழாவி ஒரு புகைப்படத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்தார். தோகுஜி மூச்சிரைக்கக் குனிந்து பார்த்தார். சிவந்த சின்ன முகம். தலையில் அடர்ந்து, குத்திட்டு நின்ற கறுப்பு முடி.

"முடி பாரு. எவ்வளவு முடி," என்றார் கண்ணாடியிடம். ஹரூயேவுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும், இரண்டு விரல்களைக் கத்தரியாக்கித் தன் தலைமேல் வெட்டிக் காட்டினார். ஹரூயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரியும் இருந்தது.

கிகுனோ அம்மாள் பொட்டலத்தை உயர்த்திக் காட்டிவிட்டு, திறக்காத கதவை எரிச்சலோடு பார்த்தார். நிஷிதானி எங்கள் பின்னால் வந்திருந்தார். பொட்டலத்தை வாங்கி, கடைசிப் பெட்டி ஜன்னலில் தலை நீட்டியிருந்த கார்டிடம், "இது ரெண்டாம் பெட்டிக்கு," என்று கொடுத்துவிட்டுச் சிக்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

எக்ஸ்பிரஸ் கிளம்பிப் போனது. படுக்கை ரயிலும் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. ஹரூயே கையசைத்துக்கொண்டே சொந்த வீட்டையும் கடையையும் தாண்டிப் போய்விட்டார்.

யோனகோவில் இறங்கி, வேறு வண்டி ஏறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். கிகுனோ அம்மாளும் நானும் தோகுஜி கடையில்தான் இருந்தோம்.

"எப்படி சரியா கதவுகிட்ட வந்து நின்னீங்க?" என்று கேட்டேன்.

"காலையில கார்டு வந்து, வழி மாறிப் போறோம்னு மட்டும் சொன்னார். எந்த வழின்னு எனக்கென்ன தெரியும்? அப்புறம் ஜன்னல்ல பாத்தா நம்ம பள்ளிக்கூடக் கூரை மாதிரி ஒண்ணு. ஒரு சுரங்கம் தாண்டினா நொசகான்னு புரிஞ்சுது. ஓடிப் போய் முகம் கழுவினேன். கூட வந்தவங்க, 'வண்டி இங்க நிக்காதே அம்மா, யாருக்குத் தெரியும் நீங்க இதுல வர்றது'ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் பிளாட்பாரத்துல நிப்பார், பாருங்கன்னேன்."

தோகுஜி தேநீர்க் கோப்பையை வைத்தார். "நான் வருவேன்னு எப்படித் தெரியும்? ரேடியோவுல வழியே சொல்லலியே."

"உங்களுக்கு ரேடியோ சொல்லணுமா?" என்றார் ஹரூயே.

தோகுஜி கழுத்து வரை சிவந்துபோய்ப் பேத்தியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இன்னும் துடைக்காமல் விட்டிருந்த கண்ணாடிக்கு மனைவியைக் கூட்டிப்போய், காய்ந்த நுரைக்கோடுகளைக் காட்டி ஆரம்பித்தார். கியோத்தோ, ஒகயாமா, லேசான தண்டவாளம், வராத சரக்கு வண்டி. ஹரூயே துண்டுகளைத் தேடிப் போகவில்லை. கடைசி வரை நின்று கேட்டார்.

கேட்டுவிட்டு, "அது சரி. காலையில எல்லாருக்கும் பன்னும் சூடா தேநீரும் குடுத்தாங்க. முன்னாடியே தெரியாத வழியில அவ்வளவு பன்னை எங்க ஏத்தியிருப்பாங்க?" என்றார்.

ஹரூயே தானாக ரயிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றுதான். தோகுஜி அதை யோசித்திருக்கவில்லை.

"ஒகயாமாவாத்தான் இருக்கும். இல்ல, இரு, அவன் அங்க வந்தப்ப கடை திறந்திருக்காதே," என்று செருப்பைத் தேடினார். "நிஷிதானிகிட்ட கேட்டுட்டு வந்துடறேன்."

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்று ஹரூயே சொன்னபோது அவர் பாதி ரோட்டைத் தாண்டியிருந்தார். மழை விட்டிருந்தது. ஹரூயே எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.